இரண்டு பசு, ஆறு ஆடு, ஒரு பன்றி

1820-ம் வருஷம். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெயின் மாகாணத்தில் ஒரு நீதிமன்றம். அறுபது வயதை எட்டிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர் அங்கே வந்து நிற்கிறார். அவர்மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. அவர் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை, கடன் வாங்கி ஏமாற்றவும் இல்லை. இருந்தாலும் சத்தியப் பிரமாணம் செய்து, தம்மிடமுள்ள சொத்தை ஒன்றுவிடாமல் சொல்லியாக வேண்டும்.

சொல்கிறார். நிலம் இல்லை. வருமானம் இல்லை. படுக்கையும் உடுதுணியும் போக மிச்சம் இருப்பவை இரண்டு பசு, ஆறு ஆடு, ஒரு பன்றி. தொழில் கூலி வேலை. வயதும் தளர்ச்சியும் வந்துவிட்டதால் அதுவும் இப்போது முடியவில்லை. மனைவிக்கு வாத நோய். குழந்தைகள் ஐந்து பேர். இந்த உதவிச் சம்பளம் நின்றுபோனால் தம்மையும் குடும்பத்தையும் காப்பாற்ற வேறு வழியில்லை.

குமாஸ்தா அதையெல்லாம் எழுதிக்கொள்கிறார். அந்தக் காகிதம் பத்திரமாக இருந்ததனால்தான் இன்று நமக்குப் பன்றியின் எண்ணிக்கை வரையில் தெரிகிறது.

அந்த மனிதரின் பெயர் ஜோசப் பிளம்ப் மார்ட்டின். நாற்பத்து நான்கு வருஷங்களுக்கு முன்னால், பதினைந்து வயதுப் பையனாக, அமெரிக்கச் சுதந்திரப் போரில் சேர்ந்தவர். பட்டினியும் பனியுமாக ஏழெட்டு வருஷங்களை அதில் கழித்தவர். 1781-ல் யார்க்டவுன் கோட்டையைத் தாக்கும்போது, எதிரி நட்டுவைத்திருந்த முள்மரத் தடுப்புகளைக் கோடரியால் வெட்டி மற்றவர்களுக்கு வழிவிட்ட படைப்பிரிவில் இருந்தவர். அதற்காக மாதம் எட்டு டாலர் கிடைத்து வந்தது. அந்த எட்டு டாலர் தொடர்ந்து கிடைக்க வேண்டுமானால், தாம் பரம ஏழை என்பதை நிரூபிக்க வேண்டும் என்று அந்த வருஷம் சட்டம் வந்துவிட்டது.

நம் ஊரிலும் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் வருஷா வருஷம் நவம்பர் மாதத்தில், "நான் உயிரோடுதான் இருக்கிறேன்" என்று சான்று கொடுக்கிறார்கள். பேரன் பேத்திகள் அதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. ஆனால் உயிரோடிருப்பதை நிரூபிப்பதில் மானக்கேடு ஒன்றுமில்லை. தேசத்துக்காகச் சண்டை போட்டவன், "என் வீட்டில் சோற்றுக்கு இல்லை" என்று நாலு பேர் கேட்கச் சொல்லி நிரூபிப்பது வேறு விஷயம்.

யுத்தங்களின் சரித்திரத்தை எழுதிய பெரியவர்கள் அநேகம் பேர். யுத்தத்திலிருந்து வீடு திரும்பிய சிப்பாய், தலை நரைத்துக் கால் தள்ளாடும் காலத்தில் என்ன ஆனான் என்று எழுதியவர்கள் குறைவு. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அமெரிக்காவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அந்த நாட்டுச் சர்க்காருக்கு எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. அந்தக் காகிதங்களை வரிசையாகப் புரட்டிக்கொண்டே போனால், இருநூறு வருஷமாக ஒரே வழக்கு நடந்து வருவது தெரியும். நிரூபிக்க வேண்டியவர் யார்? கிழவரா, சர்க்காரா? அதுதான் வழக்கு.

மூக்குக் கண்ணாடி

முதலில் 1783-ம் வருஷத்துக்குப் போவோம். போர் ஏறக்குறைய முடிந்துவிட்டது. நியூயார்க் பகுதியில் நியூபர்க் என்ற இடத்தில் வாஷிங்டனின் சேனை முகாமிட்டிருக்கிறது. மாதக்கணக்காகச் சம்பளம் கிடையாது. அதிகாரிகளுக்கு ஆயுள் முழுவதும் பாதிச் சம்பளம் கொடுப்பதாக 1780-ல் காங்கிரஸ் சபை வாக்குக் கொடுத்திருந்தது. இப்போது அதைப் பற்றிப் பேச்சே இல்லை. சமாதானம் வந்துவிட்டால் சேனையைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் யார் நம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அதிகாரிகள் குமுறினார்கள். பெயர் போடாத ஒரு கடிதம் முகாமில் கைக்குக் கை மாறிற்று. நியாயம் கிடைக்கும் வரையில் ஆயுதத்தைக் கீழே வைக்காதீர்கள் என்பது அதன் சாரம்.

மார்ச் 15-ந் தேதி அதிகாரிகள் கூடிய கூட்டத்துக்கு வாஷிங்டன் தாமே வந்தார். பொறுமையாக இருக்கும்படி நீண்ட நேரம் பேசினார். முகங்கள் இறுகியபடியே இருந்தன. காங்கிரஸ் அங்கத்தினர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்ட எடுத்தார். எழுத்துப் புரியாமல் தடுமாறினார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அதுவரை அவரைக் கண்ணாடியுடன் பார்த்தவர்கள் மிகச் சிலரே. உங்களோடு சேவை செய்துதான் என் தலை நரைத்தது, இப்போது கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்ற பொருள்பட இரண்டு வார்த்தை சொன்னார்.

கூட்டத்தில் பலர் கண்ணீர் விட்டார்கள். கலகம் அங்கேயே கரைந்துவிட்டது.

இப்படி ஒரு காட்சியை நாவலில் எழுதினால் நாடகத்தனம் என்று விமர்சகர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். சரித்திரத்துக்கு அந்தப் பயம் இல்லை.

கண்ணீர் விட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? ஆயுள் முழுவதற்குமான பாதிச் சம்பளம் ஐந்து வருஷ முழுச் சம்பளமாகச் சுருங்கிற்று. அதுவும் ரொக்கமாக அல்ல, கடன் பத்திரமாக. பசித்தவன் பத்திரத்தைச் சாப்பிட முடியுமா? கிடைத்த விலைக்கு விற்றார்கள். முழு மதிப்பில் ஒரு சிறு பங்கைக் கொடுத்து வியாபாரிகள் வாங்கிக் குவித்தார்கள். 1790-ல் சர்க்கார் கௌரவமாக முன்வந்து, பத்திரங்களுக்கு முழு மதிப்பும் தருவோம் என்று சொல்லிற்று. யாருக்கு? அன்றைய தினம் பத்திரம் யார் கையில் இருந்ததோ அவர்களுக்கு. ரத்தம் சிந்தியவர்களுக்கும் ஒரு பங்கு கொடுங்கள் என்று ஜேம்ஸ் மாடிசன் வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை.

அதே 1783-ம் வருஷம் ஜூன் மாதத்தில் இன்னொரு சம்பவம். சம்பளப் பாக்கி கேட்டுச் சுமார் 400 சிப்பாய்கள் பிலடெல்பியாவில் காங்கிரஸ் கூடியிருந்த கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். அங்கத்தினர்கள் ஊரை விட்டே கிளம்பி, பிரின்ஸ்டன் என்ற சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தேசிய சபைக்கு யாரையும் நம்பியிராத, தன் அதிகாரத்துக்கே உட்பட்ட தலைநகரம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். பிற்பாடு பொடோமாக் நதிக்கரையில் எழுந்த அந்த நகரத்துக்கு வாஷிங்டனின் பெயரையே வைத்தார்கள். வாசகர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கதை மறுபடியும் அந்த ஊருக்கு வரப்போகிறது.

தளபதியும் சிப்பாயும்

நம் மார்ட்டினுக்கு வருவோம். யுத்தம் முடிந்து மெயின் பக்கம் போய், காட்டைத் திருத்தி நூறு ஏக்கரில் விவசாயம் செய்தார். ஒரு நாள் அந்த நிலம் அவருடையது அல்ல என்று செய்தி வந்தது. அந்த வட்டாரத்தில் ஒரு பெரும் பரப்பு, மனைவி வழிச் சொத்தாகவும் பிற வகையிலும், ஹென்றி நாக்ஸ் என்ற பிரபுவுக்குச் சொந்தமாயிருந்தது. யார் இந்த நாக்ஸ்? சுதந்திரப் போரில் வாஷிங்டனின் பீரங்கிப் படைத் தளபதி. பிறகு அமெரிக்காவின் யுத்த மந்திரி. மார்ட்டின் போராடிய அதே சேனையின் தளபதி! 1797-ல் நாக்ஸின் உரிமை ஊர்ஜிதமாயிற்று. மார்ட்டினின் நூறு ஏக்கருக்கு 170 டாலர் விலை போட்டார்கள். மார்ட்டினிடம் பணம் இல்லை. 1801-ல் நிலத்தை விட்டு வையுங்கள் என்று நாக்ஸுக்குக் கெஞ்சிக் கடிதம் எழுதினார். பதில் வந்ததாகத் தெரியவில்லை. பத்து வருஷத்தில் நிலம் பாதியாயிற்று. 1818-க்குள் ஒன்றுமில்லாமல் போயிற்று.

அந்த வருஷம்தான் ஜனாதிபதி மன்ரோவின் காலத்தில், வறுமையில் வாடும் பழைய சிப்பாய்களுக்கு மாதம் எட்டு டாலரும் அதிகாரிகளுக்கு இருபது டாலரும் கொடுக்கச் சட்டம் வந்தது. சர்க்கார் எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு மனுக்கள் வந்து குவிந்தன. அத்தனை கிழவர்கள் உயிரோடிருக்கிறார்களா, அத்தனை பேரும் ஏழைகளா என்று பத்திரிகைகள் சந்தேகப்பட்டன. பணக்காரர்கள் சிலரும் பட்டியலில் புகுந்துவிட்டார்கள் என்று பேச்சு எழுந்தது. உடனே 1820-ல் புதுச் சட்டம்: சொத்துப் பட்டியல் கொடு, சத்தியம் செய். அப்படித்தான் இரண்டு பசுவும் ஆறு ஆடும் ஒரு பன்றியும் சரித்திரத்தில் இடம் பிடித்தன.

ஏமாற்றுக்காரன் ஒருவன் நுழைந்துவிடுவானோ என்ற பயத்தில் நூறு யோக்கியர்களை வாசலில் நிறுத்தி வைப்பது சர்க்கார்களின் பழைய குணம். பட்டியலில் இருந்த ஆயிரக்கணக்கான பேர், "நீ போதிய அளவு ஏழை இல்லை" என்று நீக்கப்பட்டார்கள்.

இரண்டு வருஷமாவது சேவை செய்தவர்களுக்கு ஏழையா பணக்காரரா என்று கேளாமல் முழுச் சம்பளம் என்ற சட்டம் 1832-ல் வந்தது. யார்க்டவுன் போர் நடந்து அப்போது ஐம்பத்தொரு வருஷம் ஆகியிருந்தது. அதை வாங்கிக்கொள்ள எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

மார்ட்டின் மிஞ்சினார். 1830-ல் தம் யுத்த அனுபவங்களைப் பெயர் போடாமல் ஒரு புத்தகமாக எழுதினார். அது விற்கவில்லை. 1836-ல் அவருடைய ஊர் வழியாகப் போன ஒரு பட்டாளம், கிழவர் யார் என்று தெரிந்துகொண்டு, அவர் வீட்டு வாசலில் நின்று துப்பாக்கி மரியாதை செய்துவிட்டுப் போயிற்று. 1850-ல் அவர் காலமானார். அவருடைய புத்தகத்தைச் சரித்திர ஆசிரியர்கள் கொண்டாட ஆரம்பித்தது அதற்கு நூறு வருஷத்துக்குப் பிறகு.

முதுமையும் ஓர் ஊனம்

1861-ல் அமெரிக்காவின் வட பாகமும் தென் பாகமும் தமக்குள் மோதிக்கொண்டன. நாலு வருஷம் நடந்தது அந்த உள்நாட்டுப் போர். அதன் இறுதியில், 1865 மார்ச் 4-ந் தேதி, ஆபிரகாம் லிங்கன் இரண்டாம் முறை பதவியேற்றுப் பேசினார். போரின் சுமையைத் தாங்கியவனையும், அவன் விதவையையும், அவன் குழந்தையையும் பராமரிப்பது நம் கடமை என்று அந்தப் பேச்சில் சொன்னார். வாய்ச்சொல்லோடு நிறுத்தவில்லை. முதல் நாள்தான், ஊனமுற்ற தொண்டர் படைச் சிப்பாய்களுக்குத் தேசிய விடுதிகள் அமைக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார்.

முதல் விடுதி 1866-ல் மெயினில் டோகஸ் என்ற இடத்தில் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் பணக்காரர்கள் ஊற்றுநீர் குடித்து உடம்பைத் தேற்றிக்கொள்ள வந்த ஹோட்டல் அது. அந்த ஹோட்டல் திவாலாகிவிட்டது. சிப்பாய்களுக்கு இடம் கிடைத்தது. பிறகு ஒஹாயோவில் டேட்டன், விஸ்கான்ஸினில் மில்வாக்கி என்று விடுதிகள் பெருகின. கிழவர்கள் நீல நிற ராணுவ உடுப்போடு, கொம்பு ஊதினால் எழுந்து, கொம்பு ஊதினால் சாப்பிட்டு, கொம்பு ஊதினால் தூங்கினார்கள். டேட்டன் விடுதியின் ஏரிகளையும் தோட்டங்களையும் பார்க்க லட்சக்கணக்கான ஜனங்கள் உல்லாசப் பயணம் வந்தார்கள். ஆரம்பத்தில் இவற்றுக்குச் சூட்டிய பெயரில் 'அநாதைப் புகலிடம்' என்ற வாடை வீசும் ஒரு சொல் இருந்தது. 1873-ல் அதை எடுத்துவிட்டு 'இல்லம்' என்று மாற்றினார்கள். சிறு மாற்றந்தான். ஆனால் அங்கே படுத்துறங்கியவர்களுக்கு அது சிறிதாக இருந்திராது.

உபகாரச் சம்பளத்துக்கு மட்டும் நிரூபணம் வேண்டியிருந்தது. ஊனம் போரில்தான் ஏற்பட்டது என்று டாக்டரும் சாட்சிகளும் சொல்ல வேண்டும். 1864-ம் வருஷச் சட்டப்படி இரண்டு கண்ணும் போனால் மாதம் 25 டாலர். இரண்டு பாதமும் போனால் 20 டாலர். கால் போனால் காட்டலாம். முகாமில் வந்த வயிற்றுக்கடுப்பு இருபது வருஷம் கழித்தும் விடவில்லை என்றால் அதை எப்படிக் காட்டுவது?

இந்த இடத்தில் கதைக்குள் நுழைகிறார் ஜேம்ஸ் டானர். 1862-ல், பதினெட்டு வயதில், இரண்டாவது புல் ரன் போரில் முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களையும் இழந்தவர். செயற்கைக் கால்களோடு நடக்கப் பழகினார். சுருக்கெழுத்துக் கற்றுக்கொண்டு வாஷிங்டனில் குமாஸ்தா வேலைக்குப் போனார். 1865 ஏப்ரல் 14-ந் தேதி இரவு லிங்கன் சுடப்பட்டார். அவரைத் தூக்கிச் சென்று கிடத்திய வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான் டானர் குடியிருந்தார். சுருக்கெழுத்துத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று வாசலில் கூவினார்கள். டானர் போனார். அடுத்த அறையில் லிங்கனின் மூச்சு இழுத்துக்கொண்டிருக்க, சாட்சிகளின் வாக்குமூலங்களை இரவு முழுவதும் எழுதினார்.

அதே டானர் 1889-ல் உபகாரச் சம்பள இலாகாவின் தலைவரானார்! பழைய சிப்பாய்கள் கைகொட்டினார்கள். கஜானாவில் மிச்சமிருக்கும் பணத்தைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும் என்று டானர் வேடிக்கையாகச் சொன்னதாகப் பிரசித்தம். கையைத் தாராளமாக விரித்தார். எதிர்ப்புக் கிளம்பிற்று. ஆறு மாதத்தில் பதவி போயிற்று.

ஆனால் அவர் தட்டிய கதவு திறந்துகொண்டது. 1890-ம் வருஷச் சட்டம், 90 நாள் சேவை செய்து கௌரவமாக விலகியவர் உடல் உழைப்புக்கு லாயக்கற்றுப் போனால் போதும், அந்த ஊனம் போரினால் வந்ததென்று நிரூபிக்க வேண்டியதில்லை என்றது. 1904-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இன்னும் ஒரு படி போனார். 62 வயதாகிவிட்டால் அந்த வயதையே ஊனமாகக் கொள்ளலாம் என்று உத்தரவிட்டார். 1907-ல் அது சட்டமாயிற்று: 62 வயதில் 12 டாலர், 70-ல் 15, 75-ல் 20. காயத்தைக் காட்டு, ஏழ்மையைக் காட்டு என்று கேட்டுக்கொண்டிருந்த சர்க்கார், நரைத்த தலையைப் பார்த்துவிட்டுப் போதும் என்று சொன்னது. இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

1890-களில் உபகாரச் சம்பளம் பெற்றவர்கள் ஏறக்குறைய பத்து லட்சம் பேர். மத்திய சர்க்காரின் வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்கு இதற்கே போயிற்று. இலாகாவுக்கென்று வாஷிங்டனில் ஒரு செங்கல் மாளிகையே கட்டியிருந்தார்கள். அதன் வெளிச்சுவரைச் சுற்றி, 1,200 அடி நீளத்துக்குச் சுடுமண் சிப்பாய்கள் அணிவகுத்துப் போகிறார்கள். உள்ளே மாடிப்படிகள் வழக்கத்தைவிட உயரம் குறைந்தவை. கட்டைக்கால்காரர்கள் ஏற வேண்டும் அல்லவா? அந்தப் படிகளைப் போட்ட கொத்தனார்களுக்கு ஒரு நமஸ்காரம்.

ஆனால் எல்லோருக்கும் அந்தப் படிகள் தாழ்வாக இருக்கவில்லை. அடிமைகளாகப் பிறந்து, வடக்கின் சேனையில் சேர்ந்து போரிட்ட கறுப்புச் சிப்பாய்களிடம் பிறந்த தேதிக்குச் சான்று ஏது? கல்யாணத்துக்குப் பதிவு ஏது? எஜமானன் வைத்த பெயர் ஒன்று, விடுதலைக்குப் பின் வைத்துக்கொண்ட பெயர் ஒன்று. நூற்றுக்கணக்கான அடிமைகளின் விடுதலைக்குக் காரணமாயிருந்தவரும், போரில் தாதியாகவும் வேவுகாரராகவும் பணியாற்றியவருமான ஹேரியட் டப்மன் என்ற வீராங்கனை, முப்பது வருஷம் மனுப் போட்டார். 1895-ல் அவருக்குக் கிடைத்தது, சிப்பாயாயிருந்த அவருடைய கணவரின் விதவை என்ற முறையில் மாதம் எட்டு டாலர். கணவர் பட்டாளத்தில் வேறு பெயரில் இருந்ததையும் அவரே நிரூபிக்க வேண்டியிருந்தது. 1899-ல், தாதியாகச் செய்த சேவையையும் சேர்த்து, 20 டாலர் ஆக்கினார்கள். வேவு பார்த்ததற்குக் கடைசி வரையில் காலணாக் கிடைக்கவில்லை.

தலைநகரில் கூடாரங்கள்

மீண்டும் வாஷிங்டன் நகரத்துக்கு வருவோம் என்று சொன்னேன். வந்துவிட்டோம். வருஷம் 1932.

முதல் உலக யுத்தத்தில் போரிட்டவர்களுக்கு 1924-ல் ஒரு சட்டம் செய்திருந்தார்கள். உள்நாட்டில் சேவை செய்த நாளொன்றுக்கு ஒரு டாலர். கடல் கடந்து செய்த நாளுக்கு ஒன்றேகால் டாலர். ஆனால் ஐம்பது டாலருக்கு மேற்பட்ட தொகைக்குப் பத்திரம்தான். பணம் 1945-ல் கிடைக்கும். அதற்கு முன் வேண்டுமானால் செத்துப்போக வேண்டும், வாரிசுக்குக் கொடுத்துவிடுவார்கள். 'கல்லறைப் போனஸ்' என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

1929-ல் பங்குச் சந்தை விழுந்து, வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிற்று. 1945 வரையில் எப்படிக் காத்திருப்பது? மேற்குக் கோடியில் போர்ட்லண்டிலிருந்து வால்டர் வாட்டர்ஸ் என்ற பழைய சார்ஜெண்டு சில நூறு பேரோடு சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் ஆள் சேர்ந்தது. ஜூன் மாதத்தில் தலைநகரில் இருந்தவர்கள் 17,000-க்குக் குறையாத பழைய சிப்பாய்கள். மனைவி மக்கள் வேறு. அனகோஸ்டியா ஆற்றுச் சேற்றில் தகரத்தாலும் பலகையாலும் குடிசை போட்டார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே முகாமில் கலந்து வாழ்ந்தார்கள். அந்தக் காலத்து அமெரிக்காவில் அது அதிசயம். நகரப் போலீஸ் தலைவர் கிளாஸ்ஃபோர்டும் பழைய தளபதிதான். மோட்டார் சைக்கிளில் முகாமைச் சுற்றி வந்து, சொந்தப் பணத்திலிருந்தும் அவர்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்.

ஜூன் 17-ந் தேதி செனட் சபை அவர்களுடைய கோரிக்கையை 62-க்கு 18 என்ற கணக்கில் தோற்கடித்தது. வெளியே ஆயிரக்கணக்கானவர்கள் நின்றார்கள். கல் ஒன்று பறக்கவில்லை. தேசியப் பாட்டைப் பாடிவிட்டுக் குடிசைகளுக்குத் திரும்பினார்கள். அங்கேயே காத்திருந்தார்கள்.

ஜூலை 28-ந் தேதி அவர்களை வெளியேற்ற ஆரம்பித்தபோது கைகலப்பில் போலீசார் சுட்டார்கள். வில்லியம் ஹுஷ்கா, எரிக் கார்ல்சன் என்ற இரண்டு பழைய சிப்பாய்களுக்கு உயிர் போயிற்று. மாலையில் ராணுவம் வந்தது. தலைமை தாங்கியவர் ஜெனரல் மக்ஆர்தர். உடனிருந்த அதிகாரிகளில் ஐசனோவர் ஒருவர், பாட்டன் ஒருவர். இரண்டாவது உலக யுத்தத்தில் உலகப் புகழ் பெறப்போகும் மூன்று பேரும் அன்று ஒரே தெருவில், தங்கள் பழைய தோழர்களுக்கு எதிராக நின்றார்கள். குதிரைப்படை, டாங்கிகள், கண்ணீர்ப் புகை. ஆற்றைக் கடக்க வேண்டாம் என்று ஜனாதிபதி ஹூவர் சொல்லியனுப்பியும் மக்ஆர்தர் கடந்தார். இரவு முகாம் பற்றி எரிந்தது.

ஜோ ஆஞ்சலோ என்று ஒருவர். 1918-ல் பிரான்சில் காயம்பட்டு விழுந்த பாட்டனைக் குண்டு மழைக்கிடையே இழுத்துச் சென்று காப்பாற்றியவர். அதற்காகப் பதக்கம் வாங்கியவர். அவரும் அந்த முகாமில் இருந்தார். மறுநாள் பாட்டனைப் பார்க்க வந்தார். அவரைத் தமக்குத் தெரியாது, அழைத்துப் போய்விடுங்கள் என்று பாட்டன் சொல்லிவிட்டார்.

சுடப்பட்ட ஹுஷ்காவை ஆர்லிங்டன் வீரர் மயானத்தில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். 1924-ம் வருஷச் சட்டப்படி, இறந்தவரின் பத்திரத்துக்கு உடனே பணம் உண்டு. அவர் கேட்க வந்ததும் அதைத்தான்.

அதற்குப் பிறகும் மூன்றரை வருஷம் ஆயிற்று. வேலை கொடுக்கிறோம் என்று ஃபிளாரிடாவின் தீவுகளுக்குச் சாலை போட அனுப்பப்பட்ட பழைய சிப்பாய்களில் 250 பேருக்கு மேல் 1935 செப்டம்பரில் வீசிய சூறாவளியில் மாண்டார்கள். அவர்களை அழைத்து வர அனுப்பிய ரயில் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. 1936-ல் ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மறுப்பையும் மீறிக் காங்கிரஸ் அந்தப் பணத்தைக் கொடுத்தது.

எரிந்த முகாமின் புகை ஒரு நன்மை செய்தது. இரண்டாவது உலக யுத்தம் முடியுமுன்பே, 1944 ஜூன் 22-ந் தேதி, அதே ரூஸ்வெல்ட் வேறொரு சட்டத்தில் கையெழுத்திட்டார். திரும்பி வரும் சிப்பாய்க்குப் படிப்பு, வீட்டுக் கடன், வேலை கிடைக்கும் வரையில் உதவித்தொகை எல்லாம் அதில் இருந்தன. 1956-க்குள் 78 லட்சம் பேர் அதன்மூலம் படித்தார்கள் அல்லது தொழில் கற்றார்கள். கறுப்பர்களுக்குப் பாங்கும் கல்லூரியும் கதவைச் சாத்தின. ஆகவே பங்கு சரிசமமாகக் கிடைக்கவில்லை. இருந்தாலும், கேட்டு வருமுன் கொடுத்தது அந்தச் சர்க்காருக்குப் புதிய பழக்கம்.

கண்ணுக்குத் தெரியாத காயம்

காலில்லாததைக் காட்டலாம் என்றேன். காட்ட முடியாத காயங்கள்தான் இந்த வழக்கை நீட்டிக்கொண்டே போகின்றன. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, உடலில் குறையொன்றுமில்லாமலே நெஞ்சு படபடத்து மூச்சுத் திணறும் சிப்பாய்களை டாக்டர் டா கோஸ்டா பரிசோதித்து 1871-ல் எழுதினார். முதல் உலக யுத்தத்தில் அதைக் குண்டு அதிர்ச்சி என்றார்கள். கோழைத்தனம் என்று சொன்னவர்களும் உண்டு. வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பியவர்கள் தூக்கத்தில் அலறியதைக் கேட்ட பிறகு, 1980-ல்தான் அமெரிக்க மனநோய் மருத்துவர்கள் தங்கள் அதிகாரபூர்வமான பட்டியலில் அதற்குத் தனி நோயாக இடம் கொடுத்தார்கள்.

அதே வியட்நாமில் 1962 முதல் 1971 வரை காட்டுமரங்களின் இலையை உதிர்க்க விமானத்திலிருந்து நச்சு மருந்து தெளித்தார்கள். அதன் அடியில் நடந்த சிப்பாய்களுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வந்தது. எந்த நாளில், எந்தக் காட்டில், எந்தத் துளி உன்மேல் பட்டது என்று கேட்டால் யார் பதில் சொல்ல முடியும்? 1991-ல் சட்டம் மாறிற்று. வியட்நாமில் சேவை செய்தவருக்குக் குறிப்பிட்ட சில நோய்கள் வந்தால், அந்த மருந்தினால் வந்ததென்றே சர்க்கார் கொள்ளும். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் குப்பை எரித்த புகையைச் சுவாசித்தவர்களுக்கு 2022-ல் அதே நியாயம் கிடைத்தது. மருந்து விழுந்த வியட்நாமியக் குடியானவனுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1973 ஜூலை 12-ந் தேதி செயின்ட் லூயிஸ் நகரில் ராணுவ ஆவணக் கட்டடம் தீப்பிடித்தது. ஒரு கோடியே அறுபது லட்சம் சிப்பாய்களுக்குக் குறையாமல் அவர்களுடைய சேவைக் குறிப்புகள் சாம்பலாயின. சாம்பலைக் காட்டி உதவிச் சம்பளம் கேட்க முடியாது. கிழவர்கள் பழைய சம்பளச் சீட்டையும், பதக்கத்தையும், தோழனின் கடிதத்தையும் பெட்டியின் அடியிலிருந்து தேடி எடுக்க வேண்டியதாயிற்று. நிரூபிக்க வேண்டியவன் சிப்பாய்தான் என்றால், சர்க்கார் வீட்டில் பிடித்த தீக்கும் அவனே பொறுப்பாகிறான்!

இன்று அமெரிக்காவில் தொண்ணூறு லட்சம் பேருக்கு மேல் பழைய சிப்பாய்களுக்கான ஆஸ்பத்திரித் திட்டத்தில் பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள். காத்திருப்பவர்களின் வரிசையும் மனுக்களின் அடுக்கும் குறைந்தபாடில்லை. இருந்தாலும் இருநூறு வருஷத்தை மொத்தமாகப் பார்த்தால், நிரூபணத்தின் பாரம் கிழவரின் தோளிலிருந்து அங்குலம் அங்குலமாகச் சர்க்காரின் தோளுக்கு நகர்ந்திருப்பது தெரிகிறது. ஒவ்வோர் அங்குலத்துக்கும் யாரோ ஒருவர் கோர்ட்டில் நின்றிருக்கிறார், அல்லது சேற்றில் குடிசை போட்டிருக்கிறார்.

கடைசியாக ஒரு சின்னச் செய்தி. 1865-ல் முடிந்த அந்த உள்நாட்டுப் போருக்கான உபகாரச் சம்பளத்தை அமெரிக்க சர்க்கார் 2020-ம் வருஷம் வரை கொடுத்து வந்தது. அந்தப் போரில் இருந்த ஒருவர் முதிய வயதில் மறுமணம் செய்து பெற்ற மகள், தொண்ணூறு வயதில் காலமாகும் வரையில், மாதா மாதம் 73 டாலர் 13 சென்ட் பெற்றுக்கொண்டிருந்தார். தளபதிகள் கையெழுத்திட்டு நூற்றைம்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகுதான் அந்த யுத்தத்தின் கணக்குப் புத்தகம் மூடப்பட்டது.

யுத்தம் தொடங்கும்போது முரசு கொட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. இன்று பதினெட்டு வயதில் துப்பாக்கி பிடிக்கும் பையனுக்கும் ஒரு நாள் கண் மங்கும், மூட்டு வலிக்கும். அன்றைக்கு அவனை எந்தக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறோம் என்று எந்த நாடானாலும் இப்போதே யோசித்து வைக்கலாம்.

மார்ட்டினுக்கு அந்த எட்டு டாலர் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. பசுக்களை எண்ணாமலே கொடுத்திருக்கலாம்.